எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்: வேடந்தாங்கல் பற்றி வாசகர் கேட்டவை

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். ஊர் சிறியது, ஏரியும் சிறியது. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். ஐப்பசி தொடங்கி பங்குனி வரை அந்த ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. இதைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வேடர்கள் தங்கிய ஊர் என்பதால்தான் வேடந்தாங்கல் என்று பெயர் வந்ததாகப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். சரிதானா? — ஓர் ஆசிரியை, திண்டிவனம்

முன்பாதி சரி. ‘வேடன்’ என்பதற்கு எல்லோரும் சொல்லும் பொருள் அதுதான். பின்பாதியைத்தான் திருத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘தாங்கல்’ என்றால் தங்குமிடம் இல்லை. தொண்டை மண்டலத்தில் சிறிய பாசன ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னைக்குள்ளேயே அந்தச் சொல் மிச்சம் இருக்கிறது. அங்கே வீடுகள்தான் நிற்கின்றன, பெயரில் மட்டும் ஏரி இருக்கிறது. வேடந்தாங்கலில் பெயருக்குரிய ஏரி இன்றும் தண்ணீரோடு இருக்கிறது. பிள்ளைகளிடம் ‘வேடன் ஏரி’ என்று சொல்லுங்கள். ஊரின் பின்னணி அந்த ஏரியில்தான் தொடங்குகிறது.

கேள்வி: சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் இங்கே வந்து முட்டையிடுவதாக ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறேன். அவ்வளவு தூரம் வந்து முட்டையிட வேண்டிய அவசியம் என்ன? — ஒரு வாசகர், ஆரணி

அவசியமே இல்லை. சைபீரியாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்து இங்கே முட்டையிடுவதும் இல்லை. இந்தத் தவறு பல காலமாக அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேடந்தாங்கலுக்கு வருபவை இரண்டு கூட்டம். முதல் கூட்டம் மரத்தில் கூடு கட்டுவது: நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வெண்கொக்குகள். இவை நம் நாட்டுப் பறவைகள். மழை எங்கே பெய்ததோ, தண்ணீரும் மீனும் நத்தையும் எங்கே இருக்கின்றனவோ அங்கே மாறி மாறிப் போகும். கோடையில் சிதறிக் கிடப்பவை வடகிழக்குப் பருவமழையோடு இங்கே கூடுகின்றன.

இரண்டாவது கூட்டம் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள். வடக்கிலிருந்து நெடுந்தூரம் பறந்து வருபவை இவைதான். ஆனால் இவை இங்கே கூடு கட்டுவதில்லை. பனிக்காலத்தைக் கழிக்கத்தான் வருகின்றன. தை, மாசி தாண்டியதும் வடக்கே திரும்பிப்போய் அங்கேதான் குஞ்சு பொரிக்கும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் அடுத்த விஷயமும் புரியும். கூடு கட்டும் பறவைக்கு மரமும், மரத்தடியில் மாதக்கணக்கில் தண்ணீரும் வேண்டும். வாத்துக்கு ஆழம் குறைந்த திறந்த நீர்ப்பரப்பு போதும். அதனால்தான் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கரிக்கிலியில் வாத்துகளையும் கரையோரம் இரை தேடும் பறவைகளையும் அதிகம் பார்க்கலாம். அது 1989-ல் அறிவிக்கப்பட்ட, 61 ஹெக்டேர் பரப்புள்ள சரணாலயம். வேடந்தாங்கலைவிட இரு மடங்கு பெரியது. கூடுகளைப் பார்க்க வேண்டுமானால் வேடந்தாங்கலுக்கே போக வேண்டும்.

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த ஊருக்குப் பறவைகளுக்காகப் பத்திரம் கொடுத்தார்கள் என்கிறார்களே, அது கதையா, உண்மையா? — ஒரு வாசகர், காஞ்சிபுரம்

உண்மை. அந்தப் பத்திரத்திற்குக் ‘கவுல்’ என்று பெயர். அரசு குடிகளுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிச் சீட்டு அது. செங்கல்பட்டுப் பகுதி அப்போது கிழக்கிந்தியக் கும்பினியின் ஜாகீர், அதாவது கும்பினிக்கு மானியமாகக் கிடைத்த நிலப்பகுதி. சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லியோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். இந்த ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர் கவுல் கொடுத்தார். பெரும்பாலான பதிவுகளில் உள்ள ஆண்டு 1798. பிறகு 1858-ல் ஊரார் மறுபடியும் கேட்டு அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே, கரையில் இரவெல்லாம் நின்ற கலெக்டர், அவரும் இதே பிளேஸ் துரைதான்.

1860-களில் ஜான் ஷார்ட் என்ற மருத்துவர் இந்த ஏரியின் கூடுகளைப் பற்றி லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். அரசு இதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-ல். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்ற அறிவிப்பு 1998-ல் வந்தது. 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

வரிசையைப் பாருங்கள். ஊரார் கேட்டார்கள், அரசு பின்னால் வந்தது. நாட்டில் இதற்கு இணையாகச் சொல்ல அதிக ஊர்கள் இல்லை.

கேள்வி: பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் யூரியாவே தேவையில்லை என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் ஏரியிலும் இரண்டு வருடமாகப் பறவைகள் அடைகின்றன. நவரை நெல்லுக்கு (மார்கழி, தையில் தொடங்கும் பருவம்) எவ்வளவு உரத்தைக் குறைக்கலாம்? — ஒரு விவசாயி, உத்திரமேரூர் பக்கம்

ஊரார் பறவைகளைக் காத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பறவைகள் இரை எடுப்பது பெரும்பாலும் ஏரிக்கு வெளியே, சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். எச்சமிடுவது கூடு இருக்கும் மரத்தில். பல ஊர் மீனும் நத்தையும் தவளையும் தழைச்சத்தாகவும் (நைட்ரஜன்) மணிச்சத்தாகவும் (பாஸ்பரஸ்) மாறி ஒரே ஏரியில் சேர்கின்றன. தண்ணீர் பச்சையாகத் தெரிவது அந்தச் சத்தில் வளரும் பாசியால். மதகு திறந்தால் அது அப்படியே ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரி பாயும் வயல்களுக்குப் போகிறது.

ஆனால் ‘யூரியாவே வேண்டாம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் வரும் தண்ணீரில் சத்து குறைவு. தை, மாசியில் குஞ்சுகள் நிறைந்து, நீர்மட்டமும் இறங்கிய பிறகு வரும் தண்ணீர்தான் கனமானது. மதகுக்குப் பக்கத்து வயலுக்குக் கிடைப்பது கடைமடைக்குக் கிடைக்காது. இரண்டு வருடமாக மட்டும் பறவை அடையும் ஏரியை வேடந்தாங்கலோடு சேர்த்து எடைபோடவும் முடியாது.

குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 48 கிலோ. முழுவதையும் யூரியாவாகக் கணக்கிட்டால் சுமார் 104 கிலோ, 45 கிலோ மூட்டையில் இரண்டே கால் மூட்டைக்குச் சற்று மேல். இதை முன்கூட்டியே பங்கு பிரித்துப் போடுவதற்குப் பதிலாக இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் கொண்ட அட்டை அது. நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கத் தொடங்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வயலின் வெவ்வேறு இடங்களில் 10 தூர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த உச்சி இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பாருங்கள். வெயில் இலைமேல் நேரே விழாமல் உங்கள் நிழலில் இருக்க வேண்டும். பத்தில் 6 இலைகளாவது 4-ம் எண்ணைவிட வெளிறியிருந்தால்தான் மேலுரம் போட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அந்த எண் 3. ஒரு தவணைக்கு ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ யூரியா போதும். இலை கரும்பச்சையாக இருந்தால் அந்த வாரம் போடாதீர்கள். எத்தனை தவணை இப்படி மிச்சமாகிறதோ, அதுதான் உங்கள் ஏரிப் பறவைகள் கொடுத்த உரம். முதல் வருடம் ஒரு வயலில் மட்டும் செய்து பார்த்து எழுதி வையுங்கள்.

எச்சத் தண்ணீரும் பாய்ந்து, வழக்கமான யூரியாவும் விழுந்தால் என்ன ஆகும்? பயிர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளர்ந்து கதிர் பிடிக்கும் நேரத்தில் சாயும். இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் மூன்றும் அந்தக் கொழுத்த பயிரைத்தான் முதலில் தேடி வரும். நாற்றங்காலில் இன்னொரு தொல்லை உண்டு. பச்சைத் தண்ணீரைத் தேக்கி வைத்தால் பாசி போர்வை போலப் படிந்து முளையை அமுக்கிவிடும். தண்ணீரை வடித்து ஒரு நாள் காயவிட்டு, பாசியை வாரி எடுத்துவிட்டு மறுபடி பாய்ச்சுங்கள்.

கார்போஃபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பறவைகளுக்குக் கொடிய நஞ்சு அது. நத்தை தேடி உங்கள் வயலில் இறங்கும் நாரைதான் முதலில் சாகும்.

கேள்வி: அதே மழைதான் எங்கள் ஏரிக்கும் பெய்கிறது. எங்கள் ஏரி பெரியதும் கூட. பறவைகள் ஏன் அங்கேயே போகின்றன? — ஒரு வாசகி, அச்சிறுபாக்கம்

ஏரியின் அளவு பெரிய விஷயமில்லை. தண்ணீருக்குள் மரம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. வேடந்தாங்கல் ஏரிக்குள் நீர்க்கடம்பு நிற்கிறது, ஊர் வழக்கில் கடப்ப மரம். வெண்கடம்பு வேறு, இது வேறு. சரம் சரமாகத் தொங்கும் சிவப்புப் பூ இதன் அடையாளம். மாதக்கணக்கில் அடிமரம் மூழ்கி நின்றாலும் இது அழுகாது. இதோடு கருவேலமும் இருக்கிறது.

கூட்டுக்கு அடியில் தண்ணீர் நின்றால் நரி, காட்டுப்பூனை, உடும்பு, நாய் எதுவும் எளிதில் மரத்தை நெருங்காது. நத்தைகுத்தி நாரை முட்டையை ஏறத்தாழ 25 நாள் அடைகாக்கிறது. பொரித்த குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கூடு கட்டும் நாளையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல். எல்லாப் பறவைகளும் ஒரே வாரத்தில் தொடங்குவதில்லை. பிந்தி வரும் மஞ்சள் மூக்கு நாரையின் குஞ்சுகள் பங்குனியில்தான் பறக்கும். ஆகவே பங்குனி வரையாவது மரத்தடியில் தண்ணீர் இருந்தாக வேண்டும்.

தவறு நேர்வது இங்கேதான். மழை பொய்த்தால் பறவைகள் வருவதே குறையும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுக்கப் பொய்த்தபோது அதுதான் நடந்தது. நடுவில் நீர் வற்றினால் முட்டையையும் குஞ்சையும் கூட்டிலேயே விட்டுவிட்டுப் பறவைகள் போய்விடும். நவரைக்குத் தண்ணீர் திறக்கும்போது மரத்தடி வெளியே தெரியும் அளவுக்கு இறக்கிவிட்டாலும் அதே கதிதான். உங்கள் ஏரியில் பறவை வரவேண்டுமானால் மதகை யார், எப்போது, எவ்வளவு திறப்பது என்று ஆயக்கட்டுக்காரர்கள் பேசி முடிவு செய்ய வேண்டும். இந்தப் பேச்சு இல்லாமல் மரம் மட்டும் நட்டுப் பயனில்லை.

கேள்வி: அப்படியானால் எங்கள் ஊர் ஏரியில் மரம் வளர்ப்பது எப்படி? இளைஞர்கள் தயாராக இருக்கிறோம். — வாசகர்கள், செய்யூர் வட்டம்

முதல் வேலை அனுமதி. ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று பார்த்து எழுத்தில் வாங்குங்கள். கோடையில், தண்ணீர் இல்லாதபோது மண் திட்டுகள் போட வேண்டும். மண்ணை நீர்ப்பிடிப்புக்குள்ளிருந்தே எடுக்கலாம், ஆனால் கரையின் அடியிலிருந்து எடுக்கவே கூடாது. கரை பலவீனப்படும். அடியில் 12 அடி, உச்சியில் 5 அடி அகலம் வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் (ஏரி நிரம்பி வழியும் இடம்) மட்டத்துக்கு மேல் குறைந்தது ஓர் அடி உச்சி நிற்கவேண்டும். அலை அடித்துக் கரைந்தாலும் கன்று மூழ்காமல் இருக்க அந்த ஓர் அடி. சரிவில் புல் பிடிக்க விடுங்கள்.

ஒரு திட்டுக்கு மூன்று கன்று. நட்டதில் ஒன்று பிழைத்தால் போதும் என்ற கணக்கு அது. வறண்ட பக்கத்துக்குக் கருவேலம், எப்போதும் ஈரம் நிற்கும் இடத்துக்கு நீர்க்கடம்பு. கருவேல விதைக்குத் தோல் கடினம். ஆட்டுப்பட்டியில் விழும் விதையைப் பொறுக்கிப் பயன்படுத்தினால் சீராக முளைக்கும். இல்லாவிட்டால் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஆறியபின் ஒரு நாள் ஊறவைத்து ஊன்றுங்கள். முதல் இரண்டு கோடை ஆடு, மாடு தொடாமல் முள்வேலி போடாவிட்டால் உழைப்பு முழுவதும் வீண். கூடு தாங்கும் கிளைகள் வர ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை பொறுங்கள்.

சீமைக்கருவேலத்தை அழிக்கும் ஆவேசத்தில் ஒரு தவறு நடக்கிறது. ஏரிக்குள் இருக்கும் எல்லா மரங்களையும் ஒரே கோடையில் இயந்திரம் விட்டுப் பிடுங்கிவிடுகிறார்கள். அதில் ஏற்கெனவே கூடு இருந்திருந்தால் அடுத்த ஐப்பசியில் வந்த பறவை உட்கார இடமில்லாமல் திரும்பிப் போகும். கூடு இருந்த மரத்தை விட்டுவைத்து, புதிய கன்று தலையெடுத்த பிறகு, சித்திரைக்கு மேல், பகுதி பகுதியாக எடுங்கள்.

கூடுகள் பெருகிய மரம் சில வருடங்களில் நொடித்துப்போவதும் உண்டு. இலை முழுக்க எச்சம் படிந்து வெள்ளையாகிவிடும், கிளைகளைக் கூட்டுக்கு ஒடிக்கும் பறவைகள். மழை கழுவினால் பாதி மரம் துளிர்க்கும், மீதி பட்டுப்போகும். எனவே நடவு ஒரே முறையோடு முடிகிற வேலை அல்ல.

கேள்வி: ஏரி 74 ஏக்கர்தானே, சரணாலயம் எதற்குச் சுற்றிலும் 5 கிலோமீட்டர்? — ஒரு வாசகர், படாளம்

பறவை தூங்கும் அறை 74 ஏக்கர். அதன் சமையலறை சுற்றியுள்ள வயலும் ஏரியும். கூழைக்கடாவுக்கு மீன் பல ஏரிகளிலிருந்து வரவேண்டும். நத்தைகுத்தி நாரைக்கு ஈரமான வயல் வேண்டும். 2020-ல் இந்த எல்லையைக் குறைக்கும் யோசனை எழுந்தபோது பறவையியலாளர்களும் பொதுமக்களும் அத்தனை கடுமையாக எதிர்த்தது இதனால்தான். ஏரிக்கு மட்டும் வேலி போட்டு, சுற்றியுள்ள வாய்க்காலையும் வயலையும் கெடுத்தால் மரங்கள் நிற்கும், கூடுகள் இருக்காது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் கணக்கெடுப்புக்கு வருகிறோம். எப்படி எண்ணுவது? — ஒரு மாணவி, செங்கல்பட்டு

பறவையை எண்ணுவதைவிடக் கூட்டை எண்ணுங்கள். கூடு இடம் மாறாது. கரையிலிருந்து தெரியும் மரங்களுக்கு ஒரு படம் வரைந்து எண் கொடுங்கள். இருவர் இருவராகப் பிரிந்து ஒரே மரத்தைத் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பத்தில் ஒன்றுக்கு மேல் போனால் மறுபடி எண்ணுங்கள். இலை மறைத்த பின்பக்கக் கூடு கணக்கில் வராது என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

8 மடங்கு இருநோக்கி (பைனாகுலர்) போதும். 10 மடங்கில் கை நடுக்கம் தெரியும். மாலை மங்கிய வெளிச்சத்தில் நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் குழப்பிக்கொள்வது வழக்கமாக நடக்கும் பிழை. அலகைப் பாருங்கள். நாரையின் இரு அலகுக்கும் நடுவே இடைவெளி தெரியும். ஆனால் இளம் நாரைக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர்ந்த பிறகுதான் வரும். கூட்டில் மூடிய அலகோடு நிற்பது வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் பட்டியலையும் சேர்க்கலாம்.

கேள்வி: குடும்பத்தோடு போக எந்த மாதம், எந்த நேரம்? — பலர்

மார்கழி, தை. மாலை 3 மணிக்கு மேல் கரைக்கு வந்துவிடுங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. வெயில் முதுகுப்பக்கம் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில் பிரிய வேண்டும், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி, வாணவேடிக்கை, சிவப்புச் சட்டை மூன்றும் வேண்டாம். தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊர் அது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம் உண்டு.

கேள்வி: கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பார்த்தால் எடுத்துக் காப்பாற்றலாமா? — ஒரு சிறுமி, 7-ம் வகுப்பு, மேல்மருவத்தூர்

கை வைக்காதே கண்ணு. பயந்த நாரைக் குஞ்சு, தாய் ஊட்டிய நத்தையையும் மீனையும் கக்கிவிடும். அதுதான் அதனுடைய அன்றைய சாப்பாடு. சோறோ பிஸ்கட்டோ கொடுக்கக்கூடாது. எந்த மரத்துக்கு நேரே விழுந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, கரையில் இருக்கும் வனத்துறை ஆளிடம் போய்ச் சொல்லு. அதே மரத்தடியில் உடையாத நத்தை ஓடு கிடந்தால் அதையும் பார்த்துவிட்டு வா. ஓட்டை உடைக்காமல் உள்ளே இருக்கும் சதையை மட்டும் அறுத்து இழுத்திருக்கும் நாரை.